ரோபோ இன்ஸ்பெக்‌ஷனில் ஆளுக்கு ஒரு விதி சொன்னால் என்ன செய்வது? எஃப்.ஆர்.சி. அணிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எஃப்.ஆர்.சி. (ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெட்டிஷன்) என்பது பள்ளி மாணவர்கள் ரோபோ கட்டி மோதும் போட்டி. 2023 சீசனில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். எங்கள் அணியின் ரோபோவை இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீல் ஸ்கேலை எடுத்து பம்பர் (ரோபோவைச் சுற்றிப் பொருத்தும் மெத்தைக் காப்பு) பலகைக்கும் ரோபோவின் சட்டத்துக்கும் நடுவே விட்டார். ஸ்கேல் ஒரு அங்குலம் உள்ளே போனது. “கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அடைத்துக்கொண்டு வாருங்கள்” என்றார்.

பிள்ளைகள் மறுபேச்சுப் பேசவில்லை. அலுமினியப் பட்டையை அளந்து வெட்டி, துளை போட்டு, ரிவெட் அடித்தார்கள். பிட்டை, அதாவது போட்டி அரங்கில் அணிகள் ரோபோவைச் சரிசெய்யும் இடத்தை, மூடும் நேரம் வரை அதே வேலைதான். மறுநாள் காலைப் பயிற்சி மேட்சுக்கு, ஆட்டோ புரோகிராமை (ரோபோ தானாக ஓடும் பகுதிக்கான நிரலை) ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் போனார்கள். அன்று காலை வேறொரு இன்ஸ்பெக்டர் மீதி வேலையை முடிக்க வந்தார். பட்டையைப் பார்த்துவிட்டு, “இதை எதற்கு அடைத்தீர்கள்? தேவையே இல்லையே” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. அந்த வருஷத்து விதியில் அனுமதி இப்படி இருந்தது: இடைவெளி கால் அங்குல ஆழத்துக்கு மிகாமல் இருக்கலாம், அல்லது 8 அங்குல அகலத்துக்கு மிகாமல் இருக்கலாம். எங்கள் இடைவெளி ஆழமாக இருந்தாலும் அகலம் 5 அங்குலம்தான். முதலில் வந்தவர் “அல்லது” என்ற வார்த்தைக்கு முன்னாலேயே நின்றுவிட்டார். எங்களில் ஒருவரும் “எந்த விதி?” என்று கேட்கவில்லை. மென்டராக, அதாவது அணிக்கு வழிகாட்டும் பெரியவராக, பக்கத்திலேயே நின்ற நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நானே இன்ஸ்பெக்டராகத் தன்னார்வப் பணிக்குப் போக ஆரம்பித்தேன். மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அமெரிக்காவில் நடக்கும் எஃப்.ஆர்.சி. போட்டியை வைத்துத்தான் எழுதுகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். எஃப்.டி.சி., வெக்ஸ் போன்ற மற்ற மாணவர் ரோபோ போட்டிகளில் விதி எண்களும் பதவிப் பெயர்களும் வேறு, அணுகுமுறை பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

எஃப்.ஆர்.சி.யை நடத்தும் ஃபர்ஸ்ட் அமைப்பை டீன் கேமன் 1989-ல் தொடங்கினார். முதல் போட்டி 1992-ல், நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டரில் ஒரு பள்ளி ஜிம்மில், 28 அணிகளோடு நடந்தது. இன்றைக்கு ஆயிரக்கணக்கான அணிகள். ஒவ்வொரு ஜனவரியிலும் கிக்ஆஃப் அன்று புது ஆட்டமும் புது மேனுவலும் வரும். மார்ச், ஏப்ரலில் வாராவாரம் பல ஊர்களில் ஒரே சமயத்தில் போட்டிகள் நடக்கும். கடைசியாக ஹூஸ்டனில் உலக சாம்பியன்ஷிப்.

இத்தனை போட்டிகளிலும் ரோபோவைச் சோதிப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். எஞ்சினியர், எலக்ட்ரீஷியன், பழைய மாணவர், ஓய்வு பெற்ற வாத்தியார் என்று எல்லோரும் இருப்பார்கள். இணையத்தில் பயிற்சி முடித்துவிட்டு வருவார்கள். அவர்களுக்கு மேலே ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு தலைமை ரோபோ இன்ஸ்பெக்டர் உண்டு. எல்லோரும் எல்.ஆர்.ஐ. என்பார்கள். ஒரு பாகமோ முழு ரோபோவோ விதிப்படி இருக்கிறதா என்பதில் அந்தப் போட்டியைப் பொறுத்தவரை அவர் சொல்வதே கடைசி வார்த்தை. மேனுவலே அப்படித்தான் சொல்கிறது.

அதே மேனுவலில் இன்னொரு பத்தி இருக்கிறது. நான் அணியில் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். இங்கே எழுதியிருப்பது எதைச் சொல்கிறதோ அதைத்தான், அதை மட்டும்தான் சொல்கிறது. நோக்கம் இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்தோ, பழைய வருஷத்து விதிகளை நினைத்தோ, நிஜ வாழ்க்கையில் எப்படி இருக்கும் என்று யோசித்தோ பொருள் கொள்ளாதீர்கள் என்பது அதன் சாரம். முரண்பட்ட தீர்ப்பு வரும்போது நீங்கள் ஊன்றி நிற்க வேண்டிய இடம் இந்தப் பத்திதான்.

தீர்ப்பு ஏன் மாறுகிறது

காரணம் தெரிந்தால் கோபம் பாதி தணியும், என்ன செய்வது என்பதும் தெளிவாகும். நான் பார்த்தவரை பெரும்பாலான முரண்பாடுகள் நான்கு இடங்களிலிருந்து வருகின்றன.

பழைய நினைவு முதலாவது. எடை வரம்பு 2018 வரை 120 பவுண்டு, 2019-லிருந்து 2024 வரை 125, 2025-ல் 115. பம்பர் விதிகளை 2025-ல் ஏறக்குறையப் புதிதாகவே எழுதினார்கள். பத்து வருஷம் அனுபவமுள்ள இன்ஸ்பெக்டரின் மண்டையில் பத்து மேனுவல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பம்பரைத் தொட்டதும் எந்த அடுக்கு மேலே வரும் என்று அவருக்கே தெரியாது.

இரண்டாவது, நல்ல யோசனையும் விதியும் கலந்துவிடுவது. “இந்த ஒயரை இன்னும் இறுக்கிக் கட்டு” என்று இன்ஸ்பெக்டர் சொன்னால் அது விதியாகவும் இருக்கலாம், அக்கறையாகவும் இருக்கலாம். சொல்பவர் எது என்று சொல்வதில்லை. கேட்கிற பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டும் கட்டளைதான்.

மூன்றாவது நேரம். ஒரு டிஸ்ட்ரிக்ட் போட்டிக்கு நாற்பது அணிகள் வரை வரும், இன்ஸ்பெக்டர்கள் கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். வியாழன் மாலை ஆறு மணிக்குப் பொறுமையாகப் பார்ப்பவரே வெள்ளி காலை மேட்சுக்கு அரை மணி இருக்கும்போது மேலோட்டமாகப் பார்ப்பார். முதல் போட்டியில் கண்ணில் படாத தவறு மூன்றாவது போட்டியில் மாட்டுவதற்கு இது ஒரு காரணம். நீங்களே ரோபோவை மாற்றியிருப்பீர்கள் என்பது இன்னொரு காரணம். கட்டும் காலம் முடிந்ததும் ரோபோவைப் பையில் போட்டுக் கட்டி வைக்கிற விதி 2020-லிருந்து கிடையாது. இரண்டாவது வாரம் பாஸான ரோபோவும் ஐந்தாவது வாரம் வருகிற ரோபோவும் ஒன்றாகவே இருப்பதில்லை.

நான்காவதுதான் என்னை உறுத்துவது. பேசத் தெரிந்த அணிக்கும் பேசத் தெரியாத அணிக்கும் கிடைக்கிற தீர்ப்பு வேறாகிவிடுகிறது. இருபது வருஷ அணியின் மாணவன் மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவான், இன்ஸ்பெக்டர் யோசித்துப் பார்ப்பார். முதல் வருஷ அணியின் மாணவி தலையை ஆட்டிவிட்டு ரம்பத்தை எடுப்பாள். யாரும் வேண்டுமென்று பாரபட்சம் காட்டுவதில்லை. ஆனாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு நல்ல பம்பரை அறுத்துக்கொண்டிருப்பது எப்போதும் புது அணிதான். இந்த வழிகாட்டியை முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

படி 1: விதிகளை மூன்று கட்டாகப் பிரியுங்கள்

கிக்ஆஃப் முடிந்த முதல் வாரத்திலேயே, ரோபோ கட்டுமான விதிகளை எல்லாம் அச்செடுத்து, இரண்டு மாணவர்களை உட்கார வைத்து மூன்று நிறத்தில் கோடு போடச் சொல்லுங்கள்.

அளக்கக்கூடியவை பச்சை. எடை, சட்டத்தின் சுற்றளவு, பம்பர் எண்ணின் உயரம், காற்றழுத்தம் (சேமிப்பில் 120 பி.எஸ்.ஐ., வேலை செய்யும் பக்கம் 60), 40 ஆம்ப் பிரேக்கருக்கு 12 கேஜ் ஒயர். இவற்றில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. தகராறு வந்தால் அது அளக்கும் கருவியைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

ஆம் அல்லது இல்லை என்று பதில் வருபவை மஞ்சள். இந்த மோட்டார் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா? மோட்டாரில் செய்த மாற்றம் அனுமதித்த வகையா? இவற்றைக் காகிதத்தில் நிரூபிக்கலாம்.

ஆளின் பார்வையைப் பொறுத்தவை சிவப்பு. “அபாயகரமானது”, “கூர்மையான விளிம்பு”, “பாதுகாப்பாகப் பொருத்தியிருக்க வேண்டும்” என்று வருகிற விதிகள். இரண்டு நல்ல இன்ஸ்பெக்டர்கள் நேர்மையாகவே இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லக்கூடிய இடங்கள் இவை.

சிவப்புக் கோடு விழுந்த இடத்தில் எல்லைக்கோட்டில் நின்று வடிவமைக்காதீர்கள். தகட்டு விளிம்பை அரத்தால் தேய்த்துவிடுவதற்குப் பத்து நிமிஷம் போதும். “இது கூர்மை இல்லை” என்று மூன்று போட்டிகளில் மூன்று பேரிடம் வாதாட அரை நாள் ஆகும். வாதாடும் தெம்பைப் பச்சைக்கும் மஞ்சளுக்கும் சேர்த்து வையுங்கள்.

மேனுவலில் நீலப் பெட்டிக்குள் வரும் விளக்கங்களையும் கவனியுங்கள். புளூ பாக்ஸ் என்பார்கள். விதி ஏன் வந்தது, எப்படிப் பின்பற்றலாம் என்று அவை சொல்லும். ஆனால் அவற்றுக்கு விதியின் பலம் கிடையாது. புளூ பாக்ஸில் காட்டிய மாதிரி செய்யவில்லை என்பதற்காக மட்டும் ஒரு ரோபோவை நிறுத்த முடியாது. நீங்களும் புளூ பாக்ஸை மட்டும் காட்டி ஜெயிக்க முடியாது.

படி 2: சந்தேகத்தை ஜனவரியிலேயே கேளுங்கள்

அணிகள் கேள்வி கேட்க அதிகாரபூர்வமான கேள்வி பதில் தளம் இருக்கிறது. கியூ அண்ட் ஏ என்பார்கள். பதில் எல்லோருக்கும் தெரியும்படி வரும்.

கேட்கும் முறையில்தான் பல அணிகள் தவறுகின்றன. “எங்கள் பம்பர் படத்தை இணைத்திருக்கிறோம், இது செல்லுமா?” என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. தனி ஒரு ரோபோவின் வடிவத்தை ஆராய்ந்து சொல்வது அந்தத் தளத்தின் வேலை இல்லை என்று மேனுவலே சொல்லிவிடுகிறது. முந்தைய போட்டியில் வந்த தீர்ப்பை எதிர்த்து அங்கே கேட்பதும் செல்லாது. வார்த்தையைப் பற்றிக் கேளுங்கள். “இந்த எண் விதியில் ‘அல்லது’ என்று இருப்பதால், இரண்டு நிபந்தனைகளில் ஒன்று நிறைவேறினால் போதுமா?” என்ற கேள்விக்கு நேரான பதில் வரும். அந்தப் பதில் மற்ற அணிகளுக்கும் உதவும்.

கியூ அண்ட் ஏ பதில் மேனுவலின் வாசகத்தை மீறாது. போட்டி மைதானத்தில் அது விவாதத்துக்கு உதவும், முடிவெடுப்பது எல்.ஆர்.ஐ.தான். அப்படியானாலும் கையில் அந்தப் பதிலின் அச்சு இருந்தால் பேச்சின் திசையே மாறிவிடும்.

சீசன் நடக்கும்போதே விதிகளைத் திருத்தும் டீம் அப்டேட்களும் வரும். அவற்றை வந்த அன்றே படிக்க ஒரு மாணவரை நியமித்துவிடுங்கள். இன்ஸ்பெக்டர் சொல்வதும் நீங்கள் சொல்வதும் முட்டிக்கொள்ளும் இடங்களில் கணிசமானவற்றில், ஒருவர் டீம் அப்டேட்டுக்கு முந்தைய வாசகத்தைப் படித்திருப்பார். அது நீங்களாக இருக்கக் கூடாது.

படி 3: ஒரு மெல்லிய கோப்பு

பத்துப் பதினைந்து பக்கம் போதும். அதற்கு மேல் போனால் மேசையில் யாரும் புரட்ட மாட்டார்கள். சர்ச்சைக்கு வாய்ப்புள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பக்கம்: மேலே விதி எண்ணும் முழு வாசகமும், நடுவில் பாகத்தின் படமோ அளவு போட்ட வரைபடமோ, கீழே டீம் அப்டேட் எண் அல்லது கியூ அண்ட் ஏ எண்.

வெளிப்பக்கம் பார்த்தால் தெரியாத விஷயங்களுக்கு, வேலை நடக்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பம்பருக்குத் துணி சுற்றியபின் உள்ளே இருப்பது விதிப்படியான பலகைதான் என்று எப்படிக் காட்டுவீர்கள்? துணி சுற்றும் முன் ஸ்கேல் வைத்து எடுத்த ஒரு படம் போதும். ஒயரின் கேஜ் எண் அச்சான பக்கம் வெளியே தெரியும்படி கட்டினால் இன்னும் நல்லது.

செல்போனில் எல்லாம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பிட்டில் நெட் கிடைப்பது நிச்சயம் இல்லை. காகிதத்தை இரண்டு பேர் சேர்ந்து குனிந்து படிக்கலாம். அப்படிப் படிக்கும்போது எதிரெதிராக நின்றவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

படி 4: வீட்டிலேயே ஒரு முறை முழுசாக

இன்ஸ்பெக்டர்கள் பயன்படுத்தும் சரிபார்ப்புப் பட்டியல் பொதுவில்தான் கிடைக்கிறது. போட்டிக்கு ஒரு வாரம் முன்னால், ரோபோவைக் கட்டாத ஒருவரை (வேறு பிரிவு மாணவர், முடிந்தால் பக்கத்து அணியின் மென்டர்) இன்ஸ்பெக்டராக நிறுத்துங்கள். கட்டிய பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும்.

எடையில் ஒரு எச்சரிக்கை. உங்கள் தராசும் போட்டித் தராசும் ஒன்றாகக் காட்டாது. வரம்பு 125 ஆக இருந்த ஒரு வருஷம், எங்கள் பட்டறைத் தராசில் 124.6 பவுண்டு இருந்த ரோபோ போட்டியில் 125.3 காட்டியது. தரை சமமாக இல்லாவிட்டாலோ கார்ப்பெட் மேல் வைத்தாலோ இன்னும் மாறும். ஒரு பவுண்டாவது இடம் விட்டு வையுங்கள். பம்பர், பேட்டரி, பேட்டரியோடு இருக்கும் பாதி கேபிள் ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. அவற்றைக் கழற்றித்தான் தராசில் ஏற்றினார்களா என்று அங்கேயும் பாருங்கள், அவசரத்தில் மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று சட்டத்தில் மின்சாரம் பாயாமல் இருக்கிறதா என்ற சோதனை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி கனெக்டரிலும் மறுமுனையை ரோபோவின் சட்டத்திலும் வைத்தால் 120 ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். வீட்டில் பாஸாகி அங்கே தோற்பதற்கு வழக்கமான காரணம் கடைசி வாரத்தில் திருகிய கேமராவோ விளக்குப் பட்டையோதான். சில கேமராக்களின் கூடு உள்ளே கிரவுண்டோடு இணைந்திருக்கும். அதை நேராக அலுமினியத்தில் திருகினால் கதை முடிந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகடு வையுங்கள். இங்கே இன்ஸ்பெக்டர் சட்டத்தின் எந்த இடத்தைத் தொடுகிறார் என்பதைப் பொறுத்தே முடிவு மாறலாம். ஒருவர் பெயின்ட் அடித்த இடத்தைத் தொட்டுப் பாஸ் போடுவார், இன்னொருவர் போல்ட் தலையைத் தொட்டு நிறுத்துவார். நீங்கள் வீட்டில் பத்து இடத்தில் தொட்டுப் பாருங்கள்.

படி 5: மேசைக்கு முன்னால் மூன்று கேள்விகள்

மாணவர்தான் பேச வேண்டும். மென்டர் இரண்டடி பின்னால் நிற்கலாம். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. பெரியவர் பேசினால் இன்ஸ்பெக்டரும் பெரியவரோடு மோதும் தோரணைக்குப் போய்விடுகிறார். பிள்ளை கேட்டால் வாத்தியாராகிவிடுகிறார், விளக்க ஆரம்பிக்கிறார். விளக்கும்போது தன் தவறைத் தானே கண்டுபிடிப்பதும் உண்டு.

ஒரு குறை சொன்னதும், கருவியை எடுக்க ஓடாமல், இந்த மூன்றையும் கேட்கச் சொல்லிக் கொடுங்கள்.

“இது எந்த எண் விதி என்று காட்ட முடியுமா? நானும் படித்துக்கொள்கிறேன்.”

“இது கட்டாயமா, உங்கள் யோசனையா?”

“சரி, எப்படிச் செய்தால் உங்களுக்குத் திருப்தி?”

முதல் கேள்வி வாசகத்தை மேசைக்குக் கொண்டு வரும். இரண்டாவது, கலந்துபோன அக்கறையையும் விதியையும் பிரித்துவிடும். யோசனை என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, நேரம் இருக்கும்போது செய்யுங்கள். பெரும்பாலும் நல்ல யோசனையாகத்தான் இருக்கும். மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். இரண்டு மணி நேரம் வேலை செய்து கொண்டு போனபின் “நான் சொன்னது இப்படி இல்லை” என்று கேட்கிற கொடுமை இதனால்தான் வருகிறது. பதிலை அங்கேயே ஒரு தாளில் எழுதி, விதி எண், நேரம், சொன்னவர் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகும்போது கூடுமானவரை அதே ஆளையே கேளுங்கள்.

குரல் முக்கியம். “எந்த விதி?” என்பதைச் சண்டையாகவும் கேட்கலாம், படிக்கிற பிள்ளையாகவும் கேட்கலாம். வீட்டு இன்ஸ்பெக்‌ஷனிலேயே இந்தப் பேச்சையும் ஒத்திகை பாருங்கள். எங்கள் அணியில் ரொம்ப அமைதியான ஒரு பெண் இருந்தாள். முதல் தடவை ஒத்திகையில் வார்த்தையே வரவில்லை. மூன்று வாரம் கழித்துப் போட்டியில், ஒயர் நிறம் பற்றி ஒரு கேள்வி வந்தபோது கோப்பைத் திறந்து, விரலை வைத்து, “இங்கே பிரவுனும் பாசிட்டிவுக்குச் செல்லும் என்று இருக்கிறதே சார்” என்றாள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, “ஆமாம், எனக்கு இன்று புதிதாக ஒன்று தெரிந்தது” என்று டிக் போட்டார். அவள் என்னிடம் திரும்பி வந்து, “அங்கிள், அவர் படித்தார், அங்கிள்” என்று மட்டும் சொன்னாள்.

படி 6: எல்.ஆர்.ஐ.யிடம் போவது

வாசகத்தைப் படித்தபின்னும் கருத்து ஒத்துப்போகவில்லை என்றால், “இதை எல்.ஆர்.ஐ.யிடம் கேட்டுப் பார்க்கலாமா?” என்று அந்த இன்ஸ்பெக்டரிடமே கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் பின்வழியாகப் போகாதீர்கள். நல்ல இன்ஸ்பெக்டர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். நானே பல தடவை அணிகளை அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன், எனக்கும் தெளிவு வேண்டும் என்பதால்.

எல்.ஆர்.ஐ.யிடம் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடியுங்கள். விதியை வாசியுங்கள், பாகத்தைக் காட்டுங்கள், அளவைச் சொல்லுங்கள், நிறுத்துங்கள். “நாங்கள் ஆறு வாரம் உழைத்தோம்” என்பது உண்மையானாலும் இங்கே வேண்டாம். “போன போட்டியில் பாஸ் போட்டார்களே” என்பதைத் தகவலாகச் சொல்லலாம், வாதமாக வைக்காதீர்கள். முன்னால் ஒருவர் கவனிக்காமல் விட்டது இப்போது உரிமையாகாது. பட்டியலின் அடியில் மாணவரும் மென்டரும் போடும் கையெழுத்து, ரோபோ எல்லா விதிகளுக்கும் உட்பட்டது என்று அணியே உறுதி சொல்வதற்காக. அந்தப் பொறுப்பு இன்ஸ்பெக்டர் டிக் போட்டதும் அவருக்கு மாறிவிடுவதில்லை.

சந்தேகம் பெரிதாக இருந்தால், தலைமையகத்தில் கேட்டுச் சொல்ல முடியுமா என்று பணிவாகக் கேட்கலாம். எல்.ஆர்.ஐ.க்கு அந்த வழி உண்டு. அவர் சொன்னபின் பேச்சு முடிந்தது. பிடிக்காவிட்டாலும் செய்யுங்கள்.

இதற்கெல்லாம் நடுவில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஒருவர் எல்.ஆர்.ஐ.யிடம் போகும்போதே இன்னும் இருவர் மாற்று வழிக்கான பொருளை எடுத்து வைக்கத் தொடங்க வேண்டும். வெட்ட வேண்டாம், துளை போட வேண்டாம், அளந்து கோடு மட்டும் போடட்டும். தீர்ப்பு சாதகமாக வந்தால் பத்து நிமிஷம் வீண், அவ்வளவுதான். பாதகமாக வந்தால் ஒரு மேட்ச் மிச்சம்.

படி 7: பக்கத்து பிட்டைக் கைகாட்டாதீர்கள்

“அவர்கள் ரோபோவிலும் இப்படித்தான் இருக்கிறது, அவர்களை மட்டும் எப்படி விட்டீர்கள்?” இந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுங்கள். இதனால் உங்கள் ரோபோ பாஸாகாது. நடக்கக்கூடியது ஒன்றுதான்: இன்ஸ்பெக்டர் அங்கே போய் அவர்களையும் நிறுத்துவார். மறுநாள் பிளேஆஃபில், அதாவது அணிகள் கூட்டணியாக ஆடும் கடைசிச் சுற்றில், அவர்களோடு சேரும் நிலை வரலாம்.

இதில் ஒரு நியாயமான வழி இருக்கிறது. அந்த அணியிடமே போய், “இதை நீங்கள் எப்படி விதிப்படி செய்தீர்கள்?” என்று கேளுங்கள். அநேகமாகக் காட்டிக் கொடுப்பார்கள், அவர்களிடம் உள்ள கியூ அண்ட் ஏ எண்ணும் கிடைக்கலாம். எம்.ஐ.டி. பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் இந்தப் போட்டிக்குக் கொடுத்த ‘கிரேஷியஸ் புரொஃபஷனலிசம்’ என்ற பெயர் இந்த மாதிரி நடத்தைக்குத்தான்.

இன்னொரு ரோபோவில் நிஜமாகவே ஆபத்து தெரிந்தால் நிலைமை வேறு. பேட்டரி ஆடுகிறது, ஸ்பிரிங் தெறிக்கும்போல இருக்கிறது என்றால், தனியாக எல்.ஆர்.ஐ.யிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கூட்டத்தில் கத்த வேண்டாம்.

படி 8: பாஸானபின்

மாற்றம் செய்தால் மறு இன்ஸ்பெக்‌ஷன் வேண்டும். மென்பொருள், கேபிள் டை, டேப், போல்ட் மாதிரி சின்ன விஷயங்களுக்கும், அதே மாதிரி பாகத்தை மாற்றுவதற்கும் விதிவிலக்கு உண்டு. இன்ஸ்பெக்டர்கள் எந்த நேரமும் திரும்ப வந்து பார்க்கலாம். பிட் சுவரில் ஒரு தாளை ஒட்டி, எந்த மேட்சுக்குப் பின் என்ன மாற்றினோம், யார் பார்த்தார் என்று எழுதி வாருங்கள். பிளேஆஃபுக்கு முன் எடை பார்க்கும்போது அந்தத் தாள் உங்கள் சாட்சி.

இன்ஸ்பெக்டராக நிற்பவர்களுக்கு

இதைப் படிக்கும் மென்டர்களில் சிலர் இன்ஸ்பெக்டர் தொப்பி போட்டு அந்தப் பக்கம் நிற்பவர்களாக இருப்பீர்கள். உங்கள் பக்கம் சரியானால் மேலே சொன்ன படிகளில் பாதி தேவைப்படாது.

நான் பணி செய்த ஒரு போட்டியில், எல்.ஆர்.ஐ. மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை வைத்திருந்தார். யாருக்காவது சந்தேகம் வந்து தீர்வு கிடைத்ததும் விதி எண்ணையும் முடிவையும் ஒரே வரியில் அதில் எழுத வேண்டும். ரோபோவுக்குப் போகும் முன் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். வியாழன் இரவு முடியும்போது பலகையில் பதினோரு வரி இருந்தது. அந்தப் போட்டியில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வந்ததாக ஒரு புகாரும் என் காதுக்கு வரவில்லை. செலவு ஒரு பலகையும் ஒரு மார்க்கரும்தான்.

விதி எண்ணைச் சொல்ல முடியாவிட்டால் ரோபோவை நிறுத்தாதீர்கள். முதலில் போய்த் தேடிவிட்டு வாருங்கள். “நான் சொல்லப்போவது கட்டாயம்”, “இது என் யோசனை மட்டும்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். எல்லோரும் ஒரே ஸ்கேல், ஒரே மல்டிமீட்டர் பயன்படுத்துங்கள். முதல் வருஷ அணியிடம் போகும்போது, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே மேனுவலைத் திறந்து வாசகத்தைக் காட்டுங்கள். கேட்கத் தெரிந்தவருக்குத் தானாகக் கிடைப்பது கேட்கத் தெரியாதவருக்கும் அப்போதுதான் கிடைக்கும். முடிந்தால், குறை சொன்ன கையோடு அதைச் சரிசெய்யவும் உட்கார்ந்து உதவுங்கள். எல்லா ரோபோவும் ஓட வேண்டும் என்பதற்காகத்தானே விடிகாலையில் எழுந்து வந்திருக்கிறோம்.

போட்டி முடிந்து ஊர் திரும்பியபின்

தனி ஒரு தீர்ப்பை மாற்ற இப்போது வழி இல்லை. ஆனால் ஒரே விதிக்கு இரண்டு மூன்று போட்டிகளில் வேறு வேறு தீர்ப்பு வந்திருந்தால் அது எழுத வேண்டிய விஷயம். தன்னார்வ அதிகாரிகளின் போக்கில் கவலை இருந்தால் தெரிவியுங்கள் என்று மேனுவலே மின்னஞ்சல் முகவரியோடு கேட்கிறது. அந்த வாரமே, நினைவு மங்குவதற்குள் எழுதுங்கள். விதி எண், ஒவ்வொரு போட்டியிலும் என்ன சொன்னார்கள், உங்கள் பாகத்தின் அளவும் படமும். யார் சொன்னார் என்று எழுத வேண்டாம், யாரையும் குறை சொல்லவும் வேண்டாம். ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். அதை மாணவரே எழுதிக் கையெழுத்திடட்டும்.

அப்புறம், அடுத்த சீசனுக்கான தன்னார்வப் பதிவு தொடங்கியதும், உங்கள் அணியிலிருந்து ஒரு மென்டரையோ கல்லூரிக்குப் போய்விட்ட பழைய மாணவரையோ இன்ஸ்பெக்டர் பணிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் அணியிலிருந்து இப்போது மூன்று பேர் போகிறோம். அதில் ஒருத்தி, அன்று ஒயர் நிறத்துக்காகக் கோப்பைத் திறந்த அந்தப் பெண்.